திராவிடோசாரஸ்: முதுகுத் தகடா, இடுப்பெலும்பா?

தஞ்சை வயலில் கிணறு தோண்டும் ஆழத்திற்குத் தோண்டினாலும் டைனோசாரின் எலும்பு கிடைக்காது. காவிரி கொண்டுவந்து சேர்த்த அந்த வண்டல், புவியின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றைய மண். ஆனால் திருவையாறு, திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து அரியலூருக்குச் சென்று பாருங்கள். நெல்வயல்கள் குறைந்து, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் தென்படும். அந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடி மண்ணாக இருந்தது. உங்கள் வீட்டுச் சுவரின் சிமெண்டில்கூட அக்கடலின் சிப்பிகள் பொடியாகிக் கலந்திருக்கலாம். அதே கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் கிழக்கே சரிந்து, டெல்டாவின் அடியிலும் வெகு ஆழத்தில் கிடக்கின்றன.

இந்த அரியலூர்ப் பகுதியில் கிடைத்த சில எலும்புகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1979-இல் 'திராவிடோசாரஸ் பிளான்போர்டி' என்று பெயரிட்டனர். சாரஸ் என்றால் பல்லி. திராவிட நாட்டுப் பல்லி எனலாம். பெயரின் பிற்பகுதி, பிளான்போர்ட் என்ற நிலவியலாரின் நினைவாக வந்தது. கிடைத்தவை மிகக் குறைவு: மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், சில தகடுகள், முள் போன்ற ஓர் எலும்பு. இவற்றைக் கொண்டு இது ஸ்டெகோசார் இனம் என்று அவர்கள் முடிவு செய்தனர். முதுகில் வரிசையாகத் தகடுகளும் வாலில் முட்களும் கொண்ட தழையுண்ணி டைனோசாரைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அந்தக் குடும்பம்தான்.

இம்முடிவு அறிஞர்களை ஏன் வியக்க வைத்தது? மற்ற நாடுகளில் ஸ்டெகோசார்களின் தடயம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிடுகிறது. நம் எலும்புகள் கிடைத்த பாறையின் வயதோ சுமார் 8.8 கோடி ஆண்டுகள். (அதனுடன் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரிகளின் இனங்களைக் கொண்டு அந்த வயதை அறிகிறார்கள்.) அப்போது இந்தியா ஆசியாவுடன் இணைந்திருக்கவில்லை, தென்கோளத்தில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. உலகெங்கும் அற்றுப்போன ஓர் இனம் இங்கு மட்டும் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருந்ததா?

1996-இல் சங்கர் சாட்டர்ஜி, ருத்ரா ஆகிய இருவர் மறுப்பு எழுப்பினர். அவ்விடத்தில் அவர்கள் கண்டவை பிளீசியோசார் எலும்புகளே. பிளீசியோசார் டைனோசார் அன்று. துடுப்புக் கால்களுடன் கடலில் நீந்திய ஊர்வன. அதன் இடுப்பெலும்புகளும் தோளெலும்புகளும் அகன்று தட்டையாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் விளிம்பு தேய்ந்துவிட்டால், அத்தகைய எலும்பு முதுகுத் தகடு போலத் தோன்றக்கூடும் அல்லவா?

கடற்பாறையில் கடல் விலங்கு கிடைப்பதே இயல்பு என்று நீங்கள் உடனே சொல்லலாம். ஆனால் அது மட்டும் போதாது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், இதே கிரெட்டேசியஸ் கடற்படிவுகளில், 18 மீட்டர் நீளமான கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் இதை அறிவித்தார். மரம் கடலில் முளைக்கவில்லை, நிலத்திலிருந்து அடித்துவரப்பட்டது. மரம் மிதந்து வந்ததென்றால் டைனோசாரின் பிணமும் வந்திருக்கலாம். 2004-இல் கால்டன், அப்சர்ச் ஆகிய இருவரும், மண்டையோடும் தகடுகளும் பிளீசியோசாரினுடையவை அல்ல என்று எழுதினர். வழக்கு முடியவில்லை.

என் கருத்தில், வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி வாதிடுவதைவிட எலும்பின் உள்ளே பார்ப்பது நல்லது. ஸ்டெகோசாரின் தகட்டில் இரத்தக் குழாய்களுக்கான கால்வாய்கள் நிறைய உண்டு. உடல் வெப்பத்தை வெளியேற்ற அவை உதவினவா என்று அறிய, 1976-இல் பார்லோ முதலியோர் மாதிரி ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தே சோதித்தனர். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் வேலை அது. தசைகள் இழுக்கும் இடுப்பெலும்பின் உள்ளமைப்பு வேறு. எலும்பிலிருந்து ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் ஒன்றை அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், விளிம்பு தேய்ந்த எலும்பிலும் இவ்வேற்றுமையைத் தேடலாம்.