வற்றாப்பளையில் சி.என்.சி. பழகும் இளம் கலைஞருக்கு

மரத்தில் பூவேலை செதுக்கும் சிறிய சி.என்.சி. இயந்திரங்கள் பலவற்றை ஓட்டுவது ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள். 2009இல் சிமன் ஸ்வாலே ஸ்கொக்செத் எழுதத் தொடங்கிய இதை எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். வற்றாப்பளையில் கதவும் நிலையும் செதுக்கப் பழகும் ஓர் இளைஞர் பெருஞ்செலவில்லாமல் இந்தக் கலைக்குள் வர முடிவது அந்த உரிமையால்தான். அது பெரிய வரம். ஆனால் திரையில் மாற்றும் எண் ஒவ்வொன்றும் முதிரைப் பலகைமேல் சுழலும் அலகின் அசைவாக மாறுகிறது.

அலகைத் தாங்கிய தலையை நகர்த்தும் படிமோட்டர் பொதுவாக ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும். ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரித்தால் 3,200 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுதண்டுக்கு, மில்லிமீற்றருக்கு 640 துடிப்பு என்று அமைக்க வேண்டும். தண்டை 10 மில்லிமீற்றருக்கு மாற்றிவிட்டு 640ஐ அப்படியே விட்டால், 100 மில்லிமீற்றர் போகச் சொன்ன தலை 200 போகும், வேகமும் இரட்டிக்கும். மென்பொருளின் எல்லைக்காவல் இதைத் தடுக்காது. அதுவும் அதே எண்ணை நம்பித்தான் கணக்குப் பார்க்கிறது. தலை சட்டத்தில் மோதிய பிறகும் 100இலேயே நிற்பதாக அதன் கணக்கு சொல்லும்.

பழகுபவர்கள் அதிகம் தவறுவது, தலை எல்லையைத் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் லிமிற் சுவிச்சில். அலகைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மின் இரைச்சல் சுவிச் வயரில் ஏறி, தலை எல்லையைத் தொடாமலே இயந்திரம் அடிக்கடி நின்றுவிடும். அவசர வேலை கையில் இருக்கும்போது 21ஆம் அமைப்பைச் சுழியமாக்கிச் சுவிச்சையே செயலிழக்கச் செய்வது சுலபமாகத் தெரியும். வேலை அன்று முடிந்துவிடும். காவல் இல்லாத இயந்திரம் மறுநாள் வேறொருவர் கைக்குப் போகும். பழுது வயரில் இருக்கிறது: கவசமிட்ட வயர் போட்டு, ஏர்த்தைச் சரியாக இணைத்து, மோட்டர் வயரிலிருந்து அதை விலக்கிக் கட்ட வேண்டும்.

காவலை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைப்பதன் விலையைத் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் காட்டியது. 1985க்கும் 1987க்கும் இடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளர்கள் அதில் மென்பொருள் பிழையால் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாகினர், சிலர் இறந்தனர். முந்திய தெராக்-20இன் மென்பொருளிலும் அதே வகைப் பிழை இருந்தது. ஆனால் அதில் தனியான மின்சுற்றுக் காவல் இருந்ததால் ஃபியூஸ் எரிந்ததோடு போயிற்று. புதிய இயந்திரத்தில் அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, அவசர நிறுத்தப் பொத்தான் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். இயந்திர மின்னியலுக்கான ஐ.இ.சி. 60204-1 நியமமும் இதையே கேட்கிறது. மலிவான கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பலகைகள் பலவற்றில் அந்தப் பொத்தான் மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவதோடு சரி. ஸ்பிண்டிலுக்குப் பதிலாகத் தனிச் சுவிச்சுள்ள கைரூட்டரைப் பூட்டியிருந்தால், தலை நின்றபின்பும் அலகு சுழன்றுகொண்டே இருக்கும்.

2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கரண்ட் திரும்பும்போது கைரூட்டர் தானாகச் சுழலத் தொடங்கும், ஜி.ஆர்.பி.எல். தலை நின்ற இடத்தை மறந்திருக்கும். கரண்ட் போனதும் விட்டுவிட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே பிடிக்கும் கொன்டாக்டர் ஒன்று முதற்சிக்கலைத் தீர்க்கும். இரண்டாவதற்கு, தலையைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய்த்தான் வேலையைத் தொடர வேண்டும். வயரிங்கில் ஐயமிருந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரின் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ பொறியியல் பீடத்திலோ படித்த ஒருவரிடம் காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

எண்ணை மாற்றுமுன் பழைய அமைப்புகள் முழுவதையும் பிரதியெடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் எண்ணே மாற வேண்டும். மாற்றியபின் அலகைக் கழற்றி, பலகை வைக்காமல், குறைந்த வேகத்தில் வெறுமனே ஓட்டி, நகர்ந்த தூரத்தை அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும். பழைய எண், புதிய எண், திகதி, மாற்றியவர் பெயர் நான்கையும் எழுதிய கொப்பி இயந்திரத்தோடேயே தொங்கட்டும். அடுத்து அதன்முன் நிற்பவர் அதைப் படித்த பின்பே சுவிச்சைப் போடட்டும்.