கடைக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து இயக்குவோர் கவனத்திற்கு



கடை ஓரிடம், கிடங்கு ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருப்பவர்கள் நம்மில் பலர். கடைக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை வீட்டிலிருந்தே பார்க்க 'ரிமோட் டெஸ்க்டாப்' உதவுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 'புரோ' இருக்க வேண்டும். 'ஹோம்' வகையில் இந்த வசதி கிடையாது.

ஒரு மாதம் 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. ரிட்டனுக்குக் கடைசி நாள். கடையில் மின்சாரம் போய் வந்தது. அதன் பின் வீட்டிலிருந்து இணைப்புக் கிடைக்கவில்லை. இரவில் கடையைத் திறந்து வேலையை முடித்தோம். காரணம், இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஐ.பி. முகவரி மாறிவிட்டது. ஆள் வீடு மாறிய பிறகு பழைய விலாசத்துக்குச் சரக்கு அனுப்பிய கதைதான்.

இதற்கு என்ன வழி?

1. கடைக்குள் ரவுட்டர்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி தருகிறது. கணக்குக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே முகவரி தரும்படி ரவுட்டரில் பதிவு செய்யலாம்.

2. வெளிமுகவரிக்கு 'டி.டி.என்.எஸ்.' சேவை உண்டு. முகவரி மாறினாலும் பெயர் மாறாது. பெயரைச் சொன்னால் புது முகவரியைக் காட்டும்.

3. ரவுட்டரில் உள்ள வெளிமுகவரியும், இன்டர்நெட்டில் தெரியும் முகவரியும் வேறுவேறானால், பல வாடிக்கையாளருக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழைய முறையில் உள்ள முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். தட்டுப்பாடு வந்ததால் இந்தப் பங்கீடு. அப்போது டி.டி.என்.எஸ். பலிக்காது. நிலையான முகவரியைக் கட்டணம் கட்டிக் கேட்டு வாங்கலாம்.

இனிதான் முக்கியம். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் எண் 3389. எங்கள் கடையிலும் அவசரத்தில் அதை நேரே திறந்துவிட்டோம். சில நாளில் பார்த்தால், இரவெல்லாம் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்த பதிவுகள்! அன்றே மூடினோம். உள்ளே புகுந்திருந்தால் பேரேடு முழுவதையும் பூட்டிப் பணம் கேட்டிருப்பார்கள். 2019-ல் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று பழைய விண்டோஸ்களில் தெரியவந்து, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

ஆகவே 'வி.பி.என்.' என்னும் தனிப்பாதை வழியாகவே உள்ளே செல்லுங்கள். இரு பக்கமும் வெளிநோக்கி ஒரு நடு நிலையத்தோடு இணையும் வி.பி.என். வகையில் முகவரி மாறுவதும் பங்கிடப்படுவதும் தடையாகாது. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். கணக்கின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கம்ப்யூட்டரை இயக்கும் எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கல்லாச் சாவியை வாசலில் தொங்கவிடும் வணிகர் உண்டா? இதுவும் நம் கல்லாச் சாவியே.