கொள்ளுத்தாத்தாவின் இன்னொரு குடும்பம்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1900-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை. "அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டாராம்" என்று அத்தை ஒருமுறை வாய்விட்டார். பாட்டி ஓர் அதட்டலில் அடக்கிவிட்டார். லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே பழைய சென்சஸ் தாள்களைப் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள் என்கிறான். நம் ஊர் சென்சஸில் தேடலாமா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: மகன் சொல்வது சரி. பிரிட்டனில் நூறு வருஷம் கழித்து சென்சஸ் படிவங்களைத் திறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. வீட்டில் அம்மாவுக்கு வயது 52, 'மகளுக்கு' 2 என்றிருந்தால், அந்தக் குழந்தை மூத்த மகளுடையதோ என்று தோன்றும் இல்லையா? அங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது.

நம் ஊரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. தொகையைக் கூட்டி எடுத்ததும் அந்தக் காலத்துப் படிவங்களைக் கழித்துவிட்டார்கள். 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டப்படி, பிற்காலத்துப் பதிவுகளையும் யாரும் கேட்டுப் பார்க்க முடியாது. 1931 அறிக்கையில் உங்கள் சாதியின் தலைக்கணக்கு கிடைக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு கிடைக்காது.

ஆனால் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகப் போயிருந்தால் அவருக்கென்று ஒரு வரி இருக்கிறது. 1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலில் உள்ள தழும்பு, மச்சம் வரை அதில் இருக்கும். பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் ஆரணி அதில் 'வட ஆற்காடு' ஜில்லாவுக்குள் வரும். காதில் விழுந்ததைத்தான் குமாஸ்தா எழுதினார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது அந்த மண்ணில்தான். எனவே பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் இந்தப் பேரேட்டில் இல்லை.

இன்னொரு குடும்பம் பற்றிய விடை வேறு தாளில் இருக்கக்கூடும். அங்கே சொத்து வைத்துவிட்டு இறந்தவருக்கு மரண அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரும். அதில் 'மணமாகாதவர்' என்று கண்டால் உடனே முடிவுகட்டாதீர்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணம் செல்லாது என்று 1913-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அங்கே காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. ஊரறியத் தாலி கட்டியவளும் அரசாங்கத் தாளில் மனைவியாக இல்லாமல் போயிருக்கலாம்.

முதலில் அத்தையிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர், அப்போதைய ஊர்ப்பெயர், முகத்திலோ கையிலோ தழும்பு இருந்ததாகப் பேச்சு உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்தும் அப்படிப் போனவர்களின் வாரிசுகள் பேரேட்டு நகலோடு பூர்வீகம் தேடி இங்கே வருகிறார்கள். குமாஸ்தா சிதைத்து எழுதிய ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், சரியான பெயரைச் சொல்ல அத்தைதான் இருக்கிறார்.