எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு துஆ



ஹிஜ்ரி 3-ம் ஆண்டில் (கி.பி. 625) உஹது மலையடிவாரத்தில் எழுபது பேர் ஷஹீதானார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். அன்று கபன் துணிக்கும் பஞ்சம். ஒரே கபுறில் இருவர் மூவராக அடக்க வேண்டியதாயிற்று. அந்த வேளையிலும், இவர்களில் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யார் என்று நாயகம் அவர்கள் கேட்டு, அவரை முதலில் வைக்கச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இன்னார் இவர் என்று அறியப்பட்டே ஒவ்வொருவரும் மண்ணுக்குள் சென்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்டுகள் எட்டு கழிந்தன. தமது வபாத்துக்குச் சற்று முன்னர், நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஷுஹதாக்களுக்காகத் தொழுதார்கள் என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இங்கே தொழுகை என்பதற்கு துஆ என்றே ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் பொருள் கொள்வர். அந்த மஸ்அலாவை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். எட்டு ஆண்டு ஆகிவிட்டது என்பதால் மையித்துக்கு நம்மீதுள்ள ஹக்கு தீர்ந்துவிடாது என்பதே நமக்குள்ள பாடம்.

இந்தப் பாடத்தை நாம் வாழும் தீவுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ம் தேதி மாலை 6.20 மணிக்கு ஊர் முழுதும் சங்கு ஒலிக்கிறது. மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். 1942-ல் அதே நாள் மாலையில்தான் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். சங்கு ஊதும்போது பலர் கைத்தொலைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

நமது செம்பவாங்கிற்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. இங்கே கடற்படைத் தளம் அமைத்து, ஜார்ஜ் மன்னர் பெயரால் பெரிய டாக்கை 1938 பிப்ரவரி 14-ம் தேதி ஆடம்பரமாகத் திறந்தார்கள். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே வாரத்தில், தளத்தைக் காக்கக் கப்பற்படையே இல்லை. இங்குள்ள எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து, கரும்புகை தீவின் வானத்தை மூடியது.

இறந்தவர்கள் யார்? 1941 டிசம்பர் 8-ம் தேதி விடியுமுன் விழுந்த முதல் குண்டுகளிலேயே 61 பேர் மாண்டனர். பிறகு துறைமுகப் பகுதியில் குண்டு மேல் குண்டு. நம்மவர் பலர், சிறப்பாகக் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள், துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்த காலம் அது. ஊர் விழுந்த சில நாட்களில் சீனச் சகோதரர்களை ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றனர். பின்னர் சயாம் ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளம். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பர். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அவர்களில் ஏராளம். சுமார் 90,000 பேர் திரும்பவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, பட்டினி, அடி.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கிட்டத்தட்ட 7,000 கபுறுகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. அது அவர்களுக்குரிய ஹக்கே. அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் தோட்டத்துக் கூலிக்கு அப்படி ஒரு கல் உண்டா? கடை வைத்திருக்கும் நமக்குத் தெரியும்: 555 நோட்டில் தொகை இருந்து பெயர் இல்லாவிட்டால் அந்தப் பற்று யாருடையது என்று சொல்ல முடியாது. 90,000 என்பது அப்படிப்பட்ட தொகை.

இங்கே பீச் ரோட்டில் நான்கு தூண்கள் நிற்கின்றன. 1962-ல் சிக்லாப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. சீனர் வர்த்தகச் சங்கத்தார் அவற்றைத் திரட்டினர். முதலில் சீனருக்கென நினைத்த சின்னம், பிறகு எல்லா இனத்தாருக்கும் உரியதாயிற்று. 600-க்கு மேற்பட்ட தாழிகள் அடியில் வைக்கப்பட்டு, 1967 பிப்ரவரி 15-ம் தேதி பிரதமர் லீ குவான் இயூ அதைத் திறந்து வைத்தார். நான்கு தூண்களும் ஒரே உயரம், ஒரே அடித்தளம். அவற்றில் ஒன்று நமக்குரியது. எனினும் நம்மில் எத்தனை பேர் அதன் அருகே சென்று நின்றிருக்கிறோம்?

"அது சீனருடைய காரியம்" என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டதற்கு, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிய நாம் அப்படிப் பேசுவது அழகல்ல.

கல்லுக்கு மாலை போடுவதும் தேதி குறித்து விழா எடுப்பதும் நம் மார்க்கத்தில் இல்லையே என்று வேறு சிலர் தயங்குவர். மாலை வேண்டாம், விழாவும் வேண்டாம். துஆவுக்குத் தேதி ஏது? இடிந்த சுவரின் கீழ் இறந்த முஃமினும், கொள்ளைநோயிலும் வயிற்று நோயிலும் இறந்த முஃமினும் ஷஹீதின் கூலி பெறுவர் என்று ஹதீஸ் கூறுகிறது. தஞ்சோங் பகாரில் வீட்டோடு புதைந்தவரையும், சயாம் காட்டில் காலராவில் போனவரையும் இந்த ஹதீஸோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். கபன் இல்லை, குளிப்பாட்டவில்லை, யாஸீன் ஓத ஆளில்லை என்று எண்ணி எண்ணி அழுத தாய்மார்களுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

பெயர் உள்ள இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். செம்பவாங்கில் ரயில் ஏறினால் நான்காவது நிலையம் கிராஞ்சி. அங்குள்ள போர் நினைவிடத்துச் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பஞ்சாப், பலூச் படைப்பிரிவுகளின் கீழ் முஹம்மதுகளும் கான்களும் பத்தி பத்தியாக நிற்கின்றனர். உறவினர் யாரும் எட்டிப் பார்க்காத பெயர்கள். நின்று ஒரு பாத்திஹா ஓதப் பத்து நிமிடம் ஆகாது.

பட்டாளத்தில் சேராத நம் ஊராரின் பெயர்களை நாமே சேர்த்தால்தான் உண்டு. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். மரவள்ளிக் கிழங்கையும் வாழைமர நோட்டையும் பற்றிக் கேட்டால் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்து, யாரெல்லாம் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். சிரிப்பு நின்றுவிடும், அப்போது அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், எங்கே போனார், கடைசியாகக் கண்டது எப்போது என்று தமிழிலேயே எழுதி வைத்து, ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள். பெயர் மறந்துபோயிருந்தால், இன்னாரின் அண்ணன், இன்ன தெருவில் ரொட்டி விற்றவர் என்றாவது எழுதுங்கள்.