சத்தம் பிடிபட்ட பிறகே ஸ்பேனர்

புதிதாகப் பட்டறைக்கு வரும் தம்பிகளுக்கு

பழைய பிக்கப் ஒன்று வாசலில் வந்து நின்று, “ஏதோ சத்தம் வருதுண்ணே, என்னன்னு பாருங்க” என்று டிரைவர் சொன்னதும், புதுப் பையன்கள் நேராக டூல்ஸ் பெட்டிக்குத்தான் ஓடுகிறார்கள். ஷாக் அப்சார்பரை மாற்று, கிராஸை மாற்று, பேரிங்கை மாற்று என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் பில் ஏறியிருக்கும், சத்தம் அப்படியே இருக்கும். காய்கறியும் பூவும் ஏற்றிப் பிழைக்கிறவருடைய வண்டி அது. அவர் காசை வைத்து நாம் ஊகம் செய்து பார்ப்பது தப்பு. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

1. முதலில் டிரைவரைப் பேசவிடு. பானெட்டைத் திறக்காதே. அவர் அந்தச் சத்தத்தோடு எத்தனையோ கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். கடகடவா, கொர்ரென்று இழுக்கிறதா, கீச்சென்கிறதா, டொக்கென்று ஒரே அடியா என்று கேள். வாயாலேயே செய்து காட்டச் சொல். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா? லோடு இருக்கும்போதா, காலியாக வரும்போதா? பிரேக் பிடித்தாலா, கிளட்ச் மிதித்தாலா, ஸ்டியரிங் ஒடித்தாலா? கடைசியாக ஒன்று: இந்தச் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? இதைக் கேட்க மறந்துவிடாதே. பாதி வண்டிகளுக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

2. அடுத்தது, வண்டியில் சும்மா கிடப்பதையெல்லாம் இறக்கு, ஆடுவதையெல்லாம் இறுக்கு. சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி, லிவர், தண்ணீர் பாட்டில், கீழே ஸ்டெப்னியைத் தாங்கும் செயின், பின்கதவுக் கொண்டி, தார்ப்பாய் கட்டும் கம்பி. டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லிக்கல்லைப் பிடுங்கி எறி. சக்கர நட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பார். ஐந்து நிமிட வேலைதான்.

3. பிறகு ரோட்டுக்குப் போ. டிரைவரே ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார். முதலில் தெரியவேண்டியது, சத்தம் எஞ்சின் வேகத்தோடு போகிறதா, சக்கர வேகத்தோடு போகிறதா என்பதுதான். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் கொடு. அப்போதும் வந்தால் எஞ்சின், பெல்ட், கிளட்ச் பக்கம். வராவிட்டால் ஆளில்லாத சமதள ரோட்டில் நாற்பதில் போய் நியூட்ரல் ஆக்கச் சொல். எஞ்சின் தணிந்தும் சத்தம் தணியாமல், வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் சக்கரம், ஆக்ஸில், புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம். இந்தச் சோதனையில் எஞ்சினை ஒருபோதும் அணைக்கக் கூடாது. பிரேக்கின் வேக்குவம் உதவியும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். இறக்கத்திலும் இதைச் செய்யாதே.

நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்ச் மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படு. மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

4. சத்தம் சக்கரப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் சாக்பீஸ் எடு. பின் டயரின் பக்கவாட்டில் பெரிய கோடு போட்டு, வண்டியை நடைவேகத்தில் ஓட்டச் சொல்லி, தள்ளி நின்று கூடவே நடந்து பார். கோடு ஒரு முறை கீழே வரும்போது ஒரே ‘டக்’ என்றால் சக்கரம், டிரம், டயர் பக்கம். அதே ஒரு சுற்றில் நாலைந்து ‘டக்’ என்றால் ஷாஃப்ட் பக்கம். டிஃபரன்ஷியல் விகிதம் ஏறக்குறைய நாலு என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றியாக வேண்டும். கணக்குப் போட்டும் பார்க்கலாம். பதினைந்து இஞ்ச் ரிம் பிக்கப் டயர் ஒரு சுற்றில் சுமார் 2.1 மீட்டர் ஓடும். 36 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 10 மீட்டர் போகிறது. சக்கரம் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவு, ஷாஃப்ட் பத்தொன்பதை ஒட்டி. நொடிக்கு ஐந்தைக் காதால் பிரித்துக் கேட்கலாம்; பத்தொன்பது ஒன்றாகக் கலந்து இரைச்சலாகிவிடும். அதனால்தான் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

5. வீல் பேரிங் கொர்ரென்று இழுக்கும். வேகம் ஏற ஏறச் சுதியும் ஏறும். அகலமான ரோட்டில் லேசாக வலமும் இடமும் ஒடிக்கச் சொல். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங். ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதா என்றும் கவனி. தாரிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் வேறு மாதிரி கேட்டால் அது டயர் இரைச்சல். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான்.

6. நிறுத்தியிருந்து கிளம்பும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ ஒரே ஒரு ‘டொக்’ வந்தால் எல்லோரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டிலுள்ள கிராஸ் மேல்தான் பழி போடுவார்கள். சோதித்துவிட்டுச் சொல். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சின் அணைந்த பிறகு, ஜாயின்ட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகு. இரண்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பினால் அது கிரவுன் பினியன் பல் இடைவெளி. அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் அப்படியே நிற்க மறுபக்கம் மட்டும் அசைந்தால்தான் கிராஸ் போய்விட்டது என்று அர்த்தம். கிராஸின் கப் ஓரத்தில் குங்குமம் மாதிரி செம்பொடி படிந்திருந்தால் கிரீஸ் வற்றி உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு சுதி, காலை எடுத்ததும் வேறு சுதி என்று முனகினால் டிஃபரன்ஷியல். அதையும் உடனே பிரிக்காதே, முதலில் ஆயில் அளவைப் பார்.

7. வண்டிக்கு அடியில் போகும் முன். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு போட்டே ஆகவேண்டும். ஷாஃப்ட் சுற்றும்போதோ ஃபேன் ஓடும்போதோ கழுத்தில் துண்டு, இடுப்பில் லுங்கி, தொங்கும் கயிறு எதுவும் கூடாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டி கியர் போடாதே. தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஜாக்கி நழுவி அது தரையைத் தொட்டால் வண்டி பாய்ந்துவிடும். இதில் எவன் அவசரப்படுத்தினாலும், முதலாளியே ஆனாலும், கேட்காதே.

8. காது சொன்னதைக் கண் உறுதி செய்யவேண்டும். பழைய வண்டியின் அடிப்பாகம் முழுக்கச் சேறும் தூசியும்தான். அதில் எங்கே பளபளப்பு, எங்கே பொடி, எங்கே கரி என்று டார்ச் அடித்துத் தேடு. மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருந்தால், காலையில் ‘டிக் டிக்’ என்று வந்து சூடானதும் மறைகிற சத்தம் புகைக் கசிவு. சக்கர நட்டைச் சுற்றித் துருக் கண்ணீர் வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

இதற்கு ஓர் உதாரணம். நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றும் பழைய டாடா 207 ஒன்று எங்களிடம் வந்தது. கிளம்பினால் ஒரு டொக், பிரேக் பிடித்தால் ஒரு டொக். வேறு இடங்களில் கிராஸும் மாற்றி, பின் ஷாக் அப்சார்பரும் மாற்றியாகிவிட்டது. டிரைவர் தம் முதுகுக்குப் பின்னாலேயே சத்தம் வருகிறது என்றார். சேசிஸ் சத்தத்தைக் கடத்தும், அதனால் கேட்கிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. கடைசியாகப் பார்த்த வேலை என்ன என்று கேட்டதற்கு, “பட்டை ஒடிஞ்சு புதுசு போட்டோம். அதுக்கப்புறம் லேசா ஒரு பக்கம் இழுக்குது, பழகிருச்சு” என்றார். பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

டேப்பை எடுத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தோம். இடப்பக்கம் விரலளவு குறைவு. அடியில் டார்ச் அடித்தால், இடது பட்டைக்கட்டு ஆக்ஸிலில் உட்காருகிற இடத்தில் சுற்றிலும் காய்ந்த சேறு, நடுவே பிறை வடிவில் தேய்ந்த இரும்பு மட்டும் பளிச்சென்று. யூ போல்ட் நட்டு சாதாரண ஸ்பேனருக்கே சுற்றியது. பிரித்ததும் சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கையில் வந்தது.

காரணத்தைப் புரிந்துகொள். சென்டர் போல்ட் பட்டைக்கட்டை இடத்தில் உட்காரவைப்பதற்குத்தான். வண்டி கிளம்பும்போது வரும் தள்ளலையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்கிப் பிடிப்பது யூ போல்ட்டின் இறுக்கம். புதுப்பட்டை போட்டால் ஓட ஓட அது படிந்து உட்காரும், யூ போல்ட் தளரும். மறுபடி இறுக்காமல் விட்டதால் எல்லா இழுப்பும் அந்த ஒற்றைச் சென்டர் போல்ட்டில் விழுந்து அறுத்துவிட்டது. பிறகு பிரேக் பிடிக்கும்தோறும் ஆக்ஸிலே முன்னும் பின்னும் நகர்ந்து இடித்திருக்கிறது. போல்ட்டின் விலை அற்பம். லோடோடு வேகமாகப் போகையில் அந்த ஆக்ஸில் இன்னும் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

9. எஞ்சின் சத்தத்துக்கு நீள ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், டைமிங் கவர் என்று ஒவ்வொன்றின் மேலும் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேள். பழுதான இடத்தில் சத்தம் காதைக் குத்தும். பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அப்படியே வண்டியை நகர்த்திவிடாதே. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கிறது.

குளிரில் வந்து சூட்டில் மறையும் தட்டல் பிஸ்டன் தளர்வாக இருக்கலாம். அதோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். சூடேறி ஆயில் இளகிய பிறகு கனத்துக்கொண்டே போகும் தட்டல் கான்ராட் பேரிங்காக இருக்கலாம். அந்த எஞ்சினை அங்கேயே அணைத்துவிடு. பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் தட்டல் குறைகிறது என்று பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். தோலைக் கிழித்து உள்ளே புகுந்துவிடும். வண்டியில் எந்த வகை என்று தெரியாமல் நட்டில் கை வைக்காதே.

10. கண்டுபிடித்ததை உரிமையாளருக்குக் காட்டு. தேய்ந்த கப், அறுந்த போல்ட், பொடி எல்லாவற்றையும் அவர் கையில் கொடு. எது இன்றே செய்யவேண்டியது, எது அடுத்த மாதம் வரை தாங்கும் என்று பிரித்துச் சொல். சக்கரம், ஷாஃப்ட், ஸ்டியரிங், பிரேக் இவற்றில் கேட்ட சத்தத்துக்குத் தவணை கிடையாது. பின்கதவு ஆடுவதும் பட்டை கீச்சிடுவதும் காத்திருக்கும். காசில்லாதவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதே.

11. வேலை முடிந்ததும் டிரைவர் சத்தத்தைக் கேட்ட அதே ரோட்டில், முடிந்தால் அதே லோடோடு ஓட்டிப் பார். பட்டையில் கை வைத்த வண்டி என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரச் சொல்லி, லோடு இருக்கும்போதே யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு அனுப்பு. அதற்குத் தனியாகக் காசு வாங்காதே.