கடைசி வரிசைக்கும் கிடார் கேட்க: டி.ஐ. பாக்ஸ் பற்றி ஒரு பாடம்



1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் வாத்தியங்களை உதாரணமாக எடுத்து, தெளிவில்லாத ஓசையால் கேட்கிறவனுக்குப் பிரயோஜனமில்லை என்று போதிக்கிறார். நம்ம நாட்றம்பள்ளி, வாணியம்பாடி பக்கத்துப் பந்தல் கூட்டங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். தம்பி உருக்கமாய்க் கிடார் வாசிப்பார். பத்தாவது வரிசைக்கு எட்டாது. மைக்கைக் கிட்டே வைத்துச் சத்தத்தை ஏற்றினால், ஸ்பீக்கர் 'கூ'ன்னு ஊளையிடும். ஏன்னா, ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை அதே மைக் பிடித்துத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

இதைக் குறைக்கத்தான் வாத்தியத்திலேயே பிக்கப் வைக்கிறார்கள். மாண்டலின் சத்தம் குறைந்த கருவி. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969-2014) பிக்கப் உள்ள எலக்ட்ரிக் மாண்டலினில்தான் கர்நாடக சங்கீதம் வாசித்து, பெரிய அரங்குகளிலும் கேட்கச் செய்தார்.

ஆனால் பிக்கப் மட்டும் போதாது. மேடையில் கிடார், பந்தலின் கடைசியில் மிக்ஸர். நடுவே நூறு அடி கேபிள். சாதாரண கிடார் கேபிள் இருபது அடிக்கு மேல் போனால் இரைச்சலை இழுக்கும், மேல் சுரங்களின் பளபளப்பும் மங்கும். இங்கேதான் டி.ஐ. பாக்ஸ் வேண்டும். 1960-களிலேயே அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் கிடாருக்கு இம்முறையைப் பயன்படுத்தினார்கள்.

அது செய்கிற வேலை என்ன?

1. பிக்கப்பிலிருந்து வரும் பலவீனமான சிக்னலை, மைக் கேபிளில் தூரம் போகத்தக்கதாய் மாற்றுகிறது.

2. ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று எதிராய் அனுப்புகிறது. வழியில் சேரும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அழிந்து, இசை நிற்கும்.

எதை வாங்குவது? கீபோர்டுக்கும், உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடுகிற கிடாருக்கும் பாஸிவ் பாக்ஸ் போதும். அதற்குக் கரண்ட் தேவையில்லை. பேட்டரி இல்லாத பீசோ பிக்கப் என்றால் ஆக்டிவ் பாக்ஸ்தான் சரி. இல்லாவிட்டால் சத்தம் தகரம் மாதிரி மெலிந்துபோகும். ஆக்டிவ் பாக்ஸுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அல்லது பேட்டரி வேண்டும். தபேலா, டோலக்குக்குப் பிக்கப் இல்லை என்றால் மைக்தான் வழி.

கிடாரிலிருந்து பாக்ஸுக்குச் சின்ன கேபிள், பாக்ஸிலிருந்து மிக்ஸருக்கு மைக் கேபிள். மாட்டும்போதும் கழற்றும்போதும் மிக்ஸரில் அந்தச் சானலை அடைத்து வையுங்கள். இல்லையேல் 'டப்'பென்று வெடிக்கும் சத்தம் ஸ்பீக்கரைக் கெடுக்கும்.

வாலிபத் தம்பிமாரே, இதை மட்டும் மறக்காதீர்கள். மேடை ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் 'உம்ம்' என்ற இரைச்சல் வரலாம். அதை நிறுத்த ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டிவிடும் வழக்கம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து! ஆம்ப்ளிஃபயரில் கோளாறு வந்தால் கரண்ட் கிடார் கம்பிக்கே வரும். கை கம்பியில், உதடு மைக்கில் பட்டால், கரண்ட் சரீரத்தின் வழியாய்ப் பாயும். பாடிக்கொண்டிருந்த பிள்ளை மேடையிலேயே விழுந்துவிடக்கூடும். டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைத் தள்ளினால் பெரும்பாலும் இரைச்சல் நிற்கும். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டுமே பிரிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் அப்படியே காவலாய் இருக்கும். ஜெனரேட்டரில் நடத்தும்போதும் எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள்.

பிரியமானவர்களே, அடுத்த கூட்டத்துக்கு மைக்செட்காரரிடம் பேசும்போது, "அண்ணே, டி.ஐ. பாக்ஸ் இருக்கா? எர்த் சரியா இருக்கா?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். வாசிக்கிறவர் பத்திரமாய் இருக்கட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயாரும் அந்தக் கிடாரைக் கேட்டுக் கர்த்தரைத் துதிக்கட்டும். ஆமென்.