கூட்டமில்லாத கடற்கரை எங்கே?

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். மெரினா கூட்டம் ஒத்துவரவில்லை. அமைதியான கடலோர ஊர் எது? அங்கேயே குடியேறலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் பழவேற்காட்டைப் பாருங்கள் ஐயா. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டை சிதைந்துவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாசலில் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்கள், தவறவிடாதீர்கள்.

ஆனால் என்னை அதிகம் நிறுத்திவைத்தது ஏரிதான். இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம்.

குடியேற நான் சொல்ல மாட்டேன். நம் வயதில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும். அம்பத்தூர் வீட்டை விடாதீர்கள். மாதம் ஒருமுறை காலையில் போய் மாலையில் திரும்புங்கள். இரண்டு நாள் தங்க ஆசையென்றால், 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி உண்டு.

ஒன்றே ஒன்று: 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யார் கூப்பிட்டாலும் படகேறாதீர்கள்.